டிரம்பெட்டுக்குப் புளி வேண்டாம்

கேள்வி: சர்ச் பேண்டில் டிரம்பெட் வாசிக்கிறேன். இடது கை பிடிக்கும் இடத்தில், வால்வுகளைச் சுற்றி லாக்கர் (பித்தளை மேல் அடித்திருக்கும் நிறமற்ற பூச்சு) உரிந்து பித்தளை கறுத்துவருகிறது. குத்துவிளக்கைப் போலப் புளி போட்டுத் தேய்க்கச் சொல்கிறார் அம்மா. முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிதாக லாக்கர் அடிக்கலாம் என்கிறார் கடைக்காரர். எது சரி?

பதில்: இரண்டும் வேண்டாம்.

குத்துவிளக்கு வெறும் பித்தளை, அதுவும் கனமானது. புளியின் அமிலம் கறுப்பைக் கரைத்தால் அடியில் நிறையவே மிச்சமிருக்கும். டிரம்பெட்டில் உங்கள் கை படுவதோ பித்தளையின் மேல் உள்ள மெல்லிய, நிறமற்ற பூச்சில். புளி, பீதாம்பரி, பிராசோ எல்லாம் உலோகத்தைத் தேய்க்க வந்தவை. அவற்றைப் போட்டால் நன்றாக இருக்கிற லாக்கரும் கீறி மங்கும், உரிந்த இடத்தின் ஓரம் இன்னும் பெயரும்.

லாக்கரின் பெரிய எதிரி வியர்வை. அதிலுள்ள உப்பும் அமிலமும் பூச்சை மெல்ல அரிக்கின்றன. சிலருடைய வியர்வைக்கு வீரியம் அதிகம். ஒரே சமயத்தில் வாங்கிய இரண்டு டிரம்பெட்டுகளில் ஒன்று மட்டும் சீக்கிரம் உரிவது அதனால்தான். வாசித்து முடித்ததும், பெட்டியில் வைப்பதற்கு முன், பழைய பருத்தி பனியன் துணியால் கை பட்ட இடமெல்லாம் துடையுங்கள். ஒரு நிமிட வேலை. லாக்கரைக் காப்பாற்ற நான் சொல்வதில் பாதிக்கு மேல் இந்த ஒன்றுதான். ஈரத்தோடு பெட்டியை மூடவே கூடாது.

வால்வைச் சுற்றி மாட்டும் தோல் உறை நல்லதுதான். ஆனால் தோல் வியர்வையை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை கழற்றித் துடைக்காவிட்டால் உறைக்குள்ளேயே லாக்கர் போய்விடும்; இப்படிக் கெட்டவற்றை நிறையப் பார்த்திருக்கிறேன். கழுவும்போது வெதுவெதுப்பான தண்ணீர் போதும், சுடுநீரில் லாக்கர் உரியும். சானிடைசர் பூசிய கையால் தொடாதீர்கள், சில வகை லாக்கரை ஆல்கஹால் மங்கவைத்துவிடும்.

சரி, ஏற்கெனவே உரிந்த இடம்? அந்தக் கறுப்பால் ஓசைக்கு ஒரு கேடும் இல்லை. பார்க்கப் பிடிக்கவில்லை என்றால், துடைத்து உலர்த்தி, தேய்ப்புப் பொடி கலக்காத கார் மெழுகை மெல்லிசாகப் பூசுங்கள். மாதம் ஒருமுறை திரும்பப் பூச வேண்டியிருக்கும். புதிய லாக்கர் அடிக்க வேண்டுமானால் முதலில் பஃபிங் சக்கரத்தில் தேய்ப்பார்கள். அதில் தகடு தேய்ந்து மெலியும், செதுக்கிய எழுத்துகள் மழுங்கும். கை அளவு இடத்துக்காக முழு டிரம்பெட்டையும் அதற்குக் கொடுக்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கறுப்பைவிடக் கவலைப்பட வேண்டியது இளஞ்சிவப்புப் புள்ளி. டிரம்பெட்டுக்குப் பொதுவாகப் பயன்படும் மஞ்சள் பித்தளையில் சுமார் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். எச்சில் ஈரம் குழாய்க்குள் தங்கினால் துத்தநாகம் அரித்துப்போய், பொடியும் செம்பு மட்டும் மிஞ்சும். இது உள்ளிருந்து வெளியே வருவதால் லாக்கரால் தடுக்க முடியாது. மவுத்பீஸ் செருகும் லீட்பைப்பில்தான் பெரும்பாலும் தொடங்கும். வாசித்ததும் தண்ணீரை வடித்துவிடுங்கள். மாதம் ஒருமுறை நீள பிரஷ் விட்டு உள்ளே கழுவுங்கள். அப்புறம், அந்தக் குழாயைப் பகல் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நடுவில் கரும்புள்ளி வைத்த சிவப்பு வட்டம் தெரிந்தால், பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் அந்த ஒரு குழாயை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.