இரவு ஏன் ஆறுவதில்லை?

ஐயா, ஏர்கான் போட்டாலே உலகம் சூடாகிறது என்று உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகள் சண்டைக்கு வருகிறாள். காற்றில் கரியமில வாயு வெறும் 0.04 சதவீதம், அது என்ன செய்துவிடும்? சூரியன்கூடக் காரணமாக இருக்கலாமே. நம் சிங்கப்பூரோ சின்ன நாடு. ஏர்கான் போடலாமா, கூடாதா?
- உட்லண்ட்ஸ் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சின்ன நாடு என்ற பேச்சை என்னிடம் எடுக்காதீர்கள். துறைமுகம், விமான நிலையம் என்று பெருமை பேசும்போது நாம் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

அந்த 'வெறும்' இருக்கிறதே, அதுதான் எனக்குக் கோபம். உலர்ந்த காற்றில் 99 சதவீதம் நைட்ரஜனும் ஆக்சிஜனும். நிலத்திலிருந்து மேலே போகும் வெப்பக் கதிரை அவை கண்டுகொள்வதே இல்லை. பிடித்து வைப்பது நீராவி, கரியமில வாயு, மீத்தேன் என்று மிச்சமிருக்கும் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் இல்லையென்றால் பூமியின் சராசரி வெப்பம் 15 டிகிரி இருக்காது, உறைநிலைக்கும் கீழே 18-க்குப் போய்விடும். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயுவை 420-க்கு மேல் ஏற்றிவிட்டு, வெறும் என்றால் எப்படி? நீராவி அதைவிட அதிகம்தான், ஆனால் அது சில நாளில் மழையாகிவிடும். கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். அது காற்றை ஒரு டிகிரி சூடாக்கினால் அந்தக் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும், அப்புறம் அந்த நீராவியும் சேர்ந்து சூட்டைப் பிடிக்கும்.

இதை 1859-இலேயே குழாயில் வாயுவை அடைத்து அளந்து காட்டியவர் இயற்பியலாளர் ஜான் டிண்டல். ஒரே ஒரு கோடை இரவு காற்றிலிருந்து நீராவியை எடுத்துவிட்டால் இங்கிலாந்தின் செடிகள் குளிரில் செத்துவிடும் என்று பிறகு எழுதினார். அவர் இரவைச் சொன்னார் பாருங்கள், நானும் கொஞ்ச நாளாக இரவைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் அம்மா இன்னும் அதே பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். நான் சிறுவனாக இருந்தபோது வாசல் கதவைத் திறந்து வைத்துத் தரையில் பாய் விரித்துப் படுப்போம், விடியற்காலையில் அம்மா எங்கள் மேல் கைலியை இழுத்துப் போர்த்துவார். இப்போது கழுத்தில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு படுக்கிறார், அது காய்ந்ததும் எழுந்து குழாயடியில் நனைக்கிறார். சுற்றியுள்ள கான்கிரீட் இரவில் கக்கும் சூடும் இதில் சேர்த்திதான், மறுக்கவில்லை. ஆனால் கட்டடமே இல்லாத ஊர்களிலும் இரவு சூடேறியிருக்கிறது. கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் உலகின் பெரும்பாலான நிலப்பகுதிகளில் பகலைவிட இரவுதான் வேகமாகச் சூடேறியது. சூரியன்தான் காரணமென்றால் பகலல்லவா முந்தியிருக்க வேண்டும்? மேல் வளிமண்டலமும் சூடாகியிருக்க வேண்டும், அதுவோ குளிர்ந்துகொண்டிருக்கிறது. கரியமில வாயு கூடினால் அப்படித்தான் ஆகும் என்று பருவநிலை விஞ்ஞானிகள் மனாபேயும் வெதரால்டும் 1967-இலேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள்.

வயதானவர்களின் உடம்பு பகல் சூட்டை இரவில்தான் இறக்கி வைக்கும். அந்த இரவைத்தான் பறித்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் மகளுக்கு இது புரிந்திருக்கிறது, அந்தப் பிள்ளையைச் சண்டைக்காரி என்று எனக்கு எழுதுகிறீர்கள்!

ஏர்கானா? நம் மின்சாரத்தில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவை எரித்து வருவது, எரித்தால் கரியமில வாயுதான். 25 டிகிரியில் வைத்துக்கொண்டு மின்விசிறியையும் போடுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்கள் அறையில் தாராளமாகப் போடுங்கள். மிச்சத்தை மகளிடமே கேளுங்கள்.