ரேஸ் டிராக்கில் ஓடும் காரின் முன்பக்க பேரிங்குகள்: கேள்வி பதில்

சாதாரண சாலையில் வருடக்கணக்கில் உழைக்கும் வீல் பேரிங், டிராக்கில் ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது?

நல்ல கிரிப் டயரோடு வேகமாக வளையும்போது காரின் பாரம் பெரும்பாலும் வெளிப்பக்க முன்சக்கரத்தில்தான் இறங்குகிறது. அந்த விசை ஹப்பையே (சக்கரமும் டிஸ்கும் மாட்டியிருக்கும், பேரிங்கில் சுழலும் நடுப்பகுதி) சாய்க்கப் பார்க்கும். ஸ்பேசர் போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளியிருந்தால் சுமை இன்னும் கூடும். அதற்கு மேல் பிரேக் சூடு. டிஸ்கிலிருந்து ஹப் வழியாக இறங்கி, கிரீஸை இளக்கி, சீலையும் கெடுத்துவிடும். டிராக் காரில் வீல் பேரிங்கை பிரேக் பேட் மாதிரி தேய்ந்து தீரும் பொருளாகவே கணக்கில் வையுங்கள்.

சார், வேகமான வளைவு முடிந்து அடுத்த பிரேக்கிங்கில் பெடல் ஆழமாகப் போகிறது. இரண்டாம் முறை மிதித்தால் கெட்டியாக நிற்கிறது. பிரேக் ஆயில் மாற்றி, காற்றும் எடுத்தாகிவிட்டது. பலனில்லை.

முன் வீல் பேரிங்கைப் பாருங்கள். பேரிங்கில் ஆட்டம் விழுந்தால் வளைவில் ஹப்போடு டிஸ்கும் சாய்ந்து, பேடையும், அதை டிஸ்கில் அழுத்தும் காலிப்பர் பிஸ்டனையும் பின்னுக்குத் தள்ளிவிடும். அடுத்த முதல் மிதி அந்த இடைவெளியை நிரப்புவதிலேயே போய்விடுகிறது. இரண்டு பக்கமும் பிஸ்டன் உள்ள காலிப்பரில் இது நன்றாகவே தெரியும். ஆயில் கொதித்திருந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், உங்களுடையது அப்படியில்லை. நேர்பாதையில் இடது காலால் பெடலை லேசாகத் தட்டிவைத்தால் பேட் டிஸ்கை ஒட்டி வந்துவிடும். பிட்டுக்குத் திரும்பி வர அது போதும். அதை நம்பி மிச்சச் சுற்றுகளை ஓட்டவே ஓட்டாதீர்கள்.

சக்கரத்தைத் தூக்கி ஆட்டினால் 'கட கட' என்கிறது. எது போயிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஸ்டாண்ட் கொடுங்கள், ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்கவில்லையென்றால் பால் ஜாயின்ட், லோயர் ஆர்ம், கேம்பர் பிளேட் (சஸ்பென்ஷனின் மேல்முனையில் சக்கரச் சாய்வைச் சரிசெய்யும் தட்டு) என்று ஒவ்வொன்றாகக் கைவைத்துப் பாருங்கள். இடம் வலமாக ஆட்டும்போது மட்டும் வந்தால் பெரும்பாலும் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் பக்கம்தான். அப்புறம், ஸ்பிரிங்கில் விரலை வைத்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். கெட்ட பேரிங்கின் கரகரப்பு காதுக்கு எட்டும் முன்பே விரலுக்குத் தெரியும்.

கேம்பர் பிளேட்டில் சின்னப் பள்ளத்துக்கே 'டொக் டொக்' சத்தம். கிரீஸ் வைக்கலாமா அண்ணா?

உள்ளே டெஃப்லான் லைனர் உள்ள பேரிங் என்றால் கூடாது. கிரீஸில் ஒட்டும் மணலும் பேட் தூளும் லைனரை அரைத்துவிடும். உலோகத்தோடு உலோகம் உரசும் வகைக்கு மட்டும்தான் எண்ணெய் வேண்டும். சத்தம் வந்ததுமே பேரிங்கைக் குறை சொல்ல வேண்டாம். ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் தூண்) மேல் நட் தளர்ந்திருந்தாலும் இதே சத்தம்தான். நட் சரி என்றால், அதன்மேல் கைவைத்துக்கொண்டு இன்னொருவரை காரை அசைக்கச் சொல்லுங்கள். தண்டு பக்கவாட்டில் இடித்தால் பேரிங்கை மாற்றுங்கள், மாற்றியதும் அலைன்மென்ட் பாருங்கள்.

ஸ்டீயரிங் திருப்பினால் 'டொய்ங்' என்று ஸ்பிரிங் துள்ளுகிறது.

மேலே ஸ்பிரிங்கைச் சுழலவிடும் பேரிங் இறுகிவிட்டது. கழற்றிப் பாருங்கள், துரு இருந்தால் புதிது போடுங்கள்.

புது வீல் பேரிங் போட்டேன். சீக்கிரமே மறுபடி சத்தம்.

அழுத்தி ஏற்றிய விதத்தில் சந்தேகம் வருகிறது. நக்கிளுக்குள் (பேரிங் உட்காரும் உலோகக் கூடு) ஏற்றும்போது வெளி வளையத்தில்தான் அழுத்த வேண்டும். ஹப்பை ஏற்றும்போது உள் வளையத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் விசை முழுக்க குண்டுகள் வழியாகப் போய், ஓடுபாதையில் குழி விழுந்துவிடும். ஹப் நட்டை டார்க் ரெஞ்ச் வைத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் நட் என்றால் புதிது போடுங்கள். முறுக்கி முடிக்கும் முன் காரை உருட்டவே கூடாது, ஒர்க்ஷாப்பிலிருந்து வெளியே தள்ளுவதற்குக்கூட.