மூன்றாவது மணி நேரத்து நாற்காலி, மூன்றாவது நாள் கடிதம்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி உட்காருவதைப் பற்றி, மீதி தபால் விளம்பரம் என்றைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதைப் பற்றி. இருபத்தாறு வருடம் காப்புரிமை விண்ணப்பங்கள் எழுதிக் கொடுத்தவள் நான். இரண்டு வகையும் என் மேசைக்கு வந்திருக்கின்றன. தெரிந்ததைச் சொல்கிறேன்.

‘காப்புரிமை பெற்றது’ என்று பெரிதாக அச்சிட்ட நாற்காலியை முதுகு வலிக்காக வாங்கினேன். ஒரு மாதம் ஆகிறது, வலி அப்படியேதான் இருக்கிறது. காப்புரிமை கொடுக்கும் முன் நாற்காலியைச் சோதித்துப் பார்க்கவே மாட்டார்களா, மேடம்?
– கணக்கு எழுதும் வேலையில் இருக்கும் வாசகி

மாட்டார்கள். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அதிகாரி அந்த நாற்காலியில் ஒரு நிமிடம்கூட உட்கார்வதில்லை. இது இதற்கு முன் எங்காவது வெளியாகியிருக்கிறதா, துறை தெரிந்த ஒருவருக்குச் சுலபமாகத் தோன்றிவிடக் கூடியதா, செய்து பயன்படுத்த முடியுமா என்றுதான் பார்ப்பார். முதுகு வலி குறையுமா என்பது அவருடைய கேள்வியே அல்ல.

இன்னொன்றும் உண்டு. காப்புரிமை நாற்காலி முழுவதற்கும் கிடைத்திருக்க வேண்டும் என்பதில்லை. நான் எழுதிய ஒரு விண்ணப்பத்தில் உரிமைக்கோரல் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் பகுதி) முழுக்க, கைப்பிடிக்கு அடியில் இருக்கும் ஒரு சின்னப் பல்சக்கரத்தைப் பற்றியது. கைப்பிடியை உயர்த்தினால் அது ‘டக்’கென்று நிற்க வேண்டும், அவ்வளவுதான். அந்த நாற்காலியும் ‘காப்புரிமை பெற்ற நாற்காலி’ என்றுதான் விற்பனைக்குப் போனது. அட்டையில் இருந்தது பொய்யில்லை. ஆனால் முதுகுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இப்போது உங்கள் நாற்காலிக்கு வருவோம். முதுகை நன்றாகச் சாய்த்து உட்காருங்கள். முழங்காலின் பின்பக்கத்துக்கும் இருக்கையின் முன் விளிம்புக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் நுழைகிறதா? நுழையவில்லை என்றால் இருக்கை உங்களுக்கு நீளம் அதிகம். உங்களை அறியாமலே முன்னால் நகர்ந்து உட்காருவீர்கள், முதுகுத் தாங்கல் எத்தனை நல்லதாக இருந்தாலும் வீண். அதேபோலப் பாதம் இரண்டும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும். சாயும்போது இருக்கையும் கூடவே கொஞ்சம் சாய்கிறதா என்று பாருங்கள். முதுகுப்பக்கம் இரண்டு பாகை சாய்ந்தால் இருக்கை ஏறக்குறைய ஒரு பாகை சாயும்படி பல நாற்காலிகளில் இணைத்திருப்பார்கள். முதுகு மட்டும் சாய்ந்தால் சட்டை மேலே சுருண்டு ஏறும். அந்தச் சுருக்கம்தான் உங்களுக்கு அடையாளம்.

நாற்காலி உடம்போடு சேர்ந்து அசைய வேண்டும் என்ற யோசனைக்கு வயது அதிகம். அமெரிக்காவில் தாமஸ் வாரன் என்பவர் 1849-இல் இருக்கைக்கு அடியில் வளைந்த ஸ்பிரிங்குகளை வைத்து, எந்தப் பக்கமும் சாயும், சுழலும் நாற்காலி ஒன்றைச் செய்தார். 1851-இல் லண்டன் பெரிய கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. அதே சிக்கலைத்தான் இன்றும் புதுப்புது விதமாகத் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வாங்கும்போது ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். மெத்தென்று இருப்பது முதல் ஐந்து நிமிடத்துக்கு எல்லாருக்கும் பிடிக்கும். நாற்காலி எப்படிப்பட்டது என்பது மூன்றாவது மணி நேரத்தில்தான் தெரியும். திருப்பிக் கொடுக்க அவகாசம் உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பா சக்கர நாற்காலியில் இருக்கிறார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. காற்று அறைகள் உள்ள குஷன் வாங்கச் சொல்கிறார்கள். சாதாரண ஃபோம் போதாதா? அதில் அப்படி என்ன இருக்கிறது?
– மகன்

உங்கள் கேள்வியைப் படித்ததும் அம்மா நினைவு வந்துவிட்டது. கடைசி நான்கு வருடம் அவரும் சக்கர நாற்காலியில்தான் இருந்தார்.

நாம் உட்காரும்போது உடம்பின் பாரத்தில் பெரும்பங்கு இரண்டு சிறிய எலும்பு முனைகளின் மேல் இறங்குகிறது. அந்த இடத்தில் தோலும் சதையும் நசுங்கி ரத்த ஓட்டம் குறைகிறது. நமக்கு உறுத்தும், உடனே நகர்ந்து உட்காருவோம். நகர்ந்தோம் என்பதே நமக்குத் தெரியாது. உணர்ச்சி இல்லாதவர்களுக்கு அந்த உறுத்தல் வராது. அதனால் ஒரே இடம் மணிக்கணக்கில் நசுங்கிப் புண்ணாகிறது.

ராபர்ட் கிரேப் என்ற அமெரிக்க மின் பொறியாளர் 1970-களில் இதற்கு ஒரு வழி கண்டார். ரப்பரால் செய்த சின்னச் சின்ன விரல்கள் போன்ற காற்று அறைகளை வரிசையாக நிறுத்தினார். எல்லா அறைகளும் அடியில் ஒன்றோடொன்று இணைந்தவை. எலும்பு முனை ஓர் அறையை அழுத்தினால் அங்குள்ள காற்று பக்கத்து அறைகளுக்குப் போகிறது. அங்கே அறை தாழ்கிறது, சுற்றியுள்ளவை தொடையைத் தாங்கிக்கொள்கின்றன. அடைத்து வைத்த காற்றில் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும் என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். ஃபோம் இதற்கு நேர்மாறு. எங்கே அதிகம் அமுங்குகிறதோ அங்கேதான் அதிகமாகத் திருப்பி அழுத்தும்.

ஆனால் அந்தக் குஷனை வாங்கிப் போட்டதோடு வேலை முடியாது. காற்று அதிகமானால் கல் மாதிரி ஆகிவிடும், குறைந்தால் எலும்பு பலகையில் இடிக்கும். அம்மாவுக்கு நான் தினமும் காலையில் செய்தது இது. அவரைக் குஷனில் உட்கார வைத்து, லேசாக முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, குஷனுக்கும் அவருக்கும் நடுவில் கையை விட்டு எலும்பின் மிகத் தாழ்ந்த இடத்தைத் தேடுவேன். அந்த முனைக்கும் அடிப்பலகைக்கும் நடுவில் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். விரல் நுனியை அசைக்க முடிகிறதா என்று பார்ப்பேன். முடியவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் காற்று. ஒரு நாள் காலை அவசரத்தில் பார்க்காமல் விட்டுவிட்டேன். வால்வு சரியாக மூடாமல் இருந்திருக்கிறது. மாலையில் தோல் சிவந்திருந்தது, அழுத்திப் பார்த்தும் அந்தச் சிவப்பு மறையவில்லை. அது ஆற பத்து நாள் ஆனது. அதனால்தான் இத்தனை அழுத்திச் சொல்கிறேன்: தினமும் கையை விட்டுப் பாருங்கள். எத்தனை நல்ல குஷனாக இருந்தாலும் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை அப்பாவின் பாரத்தை இடம் மாற்றிக் கொடுங்கள். எந்த வகை, எந்த அளவு என்பதைச் சிகிச்சையாளர் நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மெமரி ஃபோம் விண்வெளிக்காகக் கண்டுபிடித்தது என்கிறார்களே, உண்மையா?
– பள்ளி ஆசிரியர்

நாசாவுக்காக என்பது சரி. ஆனால் விமான இருக்கைக்காக. 1966-இல் சார்லஸ் யோஸ்ட் நாசா ஒப்பந்தத்தின் கீழ் அதை உருவாக்கினார். உட்காருபவர்களுக்குச் சொகுசாகவும், மோதல் நேர்ந்தால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளவும் வேண்டும் என்பது நோக்கம். உடம்புச் சூட்டில் இளகி, மெதுவாகப் பழைய வடிவத்துக்குத் திரும்புவது அதன் குணம். அதே குணத்தால் சிலருக்கு அதில் வெப்பமும் தேங்கும்.

நான் தச்சர். முன்விளிம்பு தானாகத் தாழும் ஒரு இருக்கை செய்திருக்கிறேன். செய்து பார்த்த வீடியோவைப் போன மாதம் வலைத்தளத்தில் போட்டேன், நல்ல வரவேற்பு. இனி காப்புரிமை எடுக்கலாமா?

அண்ணா, முதல் வேலையாக அந்த வீடியோவை எப்போது போட்டீர்கள் என்று தேதியைக் குறித்து வையுங்கள். நீங்களே வெளியிட்டிருந்தாலும், வெளியானது வெளியானதுதான். ஐரோப்பாவில் அதன் பிறகு வாய்ப்பு ஏறக்குறைய இல்லை. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஒரு வருட அவகாசம் உண்டு. நாட்டுக்கு நாடு விதி வேறு, அதனால் இந்த வாரமே ஒரு காப்புரிமை முகவரைப் பாருங்கள். ஓரிடத்தில் விண்ணப்பித்துவிட்டால் 12 மாதத்துக்குள் மற்ற நாடுகளில் அதே தேதியைக் காட்டி விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம், அதுவும் கட்டணம் கட்டிக்கொண்டே வந்தால்தான்.

வீடியோவில் இயக்க அமைப்பு தெரியவே இல்லை, மேலுறை மட்டும்தான் தெரிந்தது என்றால் நிலைமை வேறாக இருக்கலாம். அதையும் முகவரிடம் சொல்லுங்கள். எடுத்து வைத்திருக்கும் மற்ற வீடியோக்களைத் தயவுசெய்து இப்போது போட வேண்டாம்.

எங்கள் தன்னார்வ அமைப்பு வருடம் இரண்டு முறை இலவச முகாமுக்குத் தபாலில் அழைப்பு அனுப்புகிறது. பாதிப் பேருக்கு முகாம் முடிந்த பிறகுதான் போய்ச் சேருகிறது. இதற்கெல்லாம் கண்டுபிடிப்பு ஏதும் இல்லையா?
– ஒருங்கிணைப்பாளர்

இருக்கிறது. உங்கள் ஆதங்கமும் எனக்குப் புரிகிறது. ஒரு அமைப்புக்காக நானே நாலாயிரம் கண் பரிசோதனை அழைப்புகளை மடித்து உறையிலிட்டு அனுப்பினேன். எல்லாவற்றையும் ஒரே நாளில்தான் கொடுத்தேன். சிலருக்கு மூன்றாவது நாளில் கிடைத்தது, சிலருக்குப் பதினொன்றாவது நாளில். முகாம் ஒன்பதாவது நாள். வயதான ஒருவர் பத்து நாள் கழித்து அழைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பூட்டிய கூடத்துக்கு வந்து நின்றார் என்று காவலாளி சொன்னார். மறக்க முடியவில்லை.

மொத்தமாக அனுப்பும் தபாலுக்கு நாம் கொடுக்கும் தேதி வேறு, கைக்குப் போகும் தேதி வேறு. இந்தத் துறையில் வந்த கண்டுபிடிப்புகள் பலவும் அந்த இடைவெளியைச் சுற்றியே இருக்கின்றன. அமெரிக்கத் தபால்துறை பயன்படுத்தும் பார்கோடில் 65 கோடுகள் உண்டு. ஒவ்வொரு உறைக்கும் தனி எண் கொடுக்கலாம். தபால்களை முகவரிப்படி பிரிக்கும் இயந்திரம் உறையின் பார்கோடைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் அது எங்கே இருக்கிறது என்ற தகவல் அனுப்பியவருக்கு வரும். கடைசிப் பிரிப்பு முடிந்ததும், இன்றோ நாளையோ வீட்டுக்குப் போய்விடும் என்று கணிக்கலாம். அந்த நாளைப் பார்த்து மறுநாள் தொலைபேசியில் அழைப்பது, மின்னஞ்சல் அனுப்புவது, எல்லாம் ஒரே வாரத்தில் விழாதபடி முன்பின் அனுப்புவது என்று இதன்மேல் பல முறைகள் கட்டப்பட்டிருக்கின்றன. 2017-இல் அந்தத் தபால்துறை நாடு முழுவதும் இன்னொன்றும் தொடங்கியது: அன்று வரப்போகும் கடிதங்களின் முகப்புப் படம் காலையிலேயே பெறுபவரின் மின்னஞ்சலுக்கு வந்துவிடும்.

உங்கள் தபால் சேவையில் இந்த வசதி இல்லாவிட்டாலும் ஒரு பழைய வழி இருக்கிறது. கட்டின் முதலில், நடுவில், கடைசியில் என்று உங்கள் ஆட்கள் பத்துப் பேருடைய முகவரியைச் சேர்த்துவிடுங்கள். வெவ்வேறு பகுதிகளில் இருப்பவர்களாகப் பாருங்கள். கடிதம் கிடைத்த அன்றே அவர்கள் தேதியை எழுதி வைக்க வேண்டும். மூன்று தடவை அனுப்பினால் உங்கள் தபால் எத்தனை நாளில் போகிறது, எவ்வளவு சிதறுகிறது என்று உங்களுக்கே பிடிபடும். அப்புறம் முகாம் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சராசரியை வைத்து எண்ண வேண்டாம், மிகத் தாமதமாகக் கிடைத்தவரை வைத்து எண்ணுங்கள். சராசரியை வைத்து எண்ணும் தவறைத்தான் நான் செய்தேன்.

தபாலை எந்த நாளில் அனுப்பினால் பதில் அதிகம் வரும் என்று கணக்கிடும் ஒரு மென்பொருள் எழுதியிருக்கிறேன். காப்புரிமை கிடைக்குமா?
– கல்லூரி மாணவர்

கடினம், தம்பி. வியாபார முறை என்ற அளவிலேயே நிற்கும் ஒன்றுக்கு ஐரோப்பாவில் காப்புரிமை இல்லை. அமெரிக்காவில் 2014-இல் ‘ஆலிஸ்’ வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு பொதுவான யோசனையைக் கணினியில் ஓடவிட்டால் மட்டும் அது காப்புரிமைக்குத் தகுதி பெறாது என்று சொல்லிவிட்டது. ‘பதில் அதிகம் வரும் நாளைத் தேர்ந்தெடுப்பது’ என்று எழுதினால் அங்கேயே நின்றுவிடும். பிரிக்கும் இயந்திரத்தின் வேலையை மாற்றும் ஏதாவது உன் முறையில் இருந்தால், அதைச் சொல்.

‘ரிட்டர்ன் மெயில்’ என்ற அமெரிக்க நிறுவனத்தின் வழக்கைப் படித்துப் பார். கொடுக்க முடியாமல் திரும்பும் தபாலைப் பார்கோடு வழியாகக் கையாளும் முறைக்கு 2004-இல் அந்த நிறுவனத்துக்குக் காப்புரிமை கிடைத்தது. அமெரிக்கத் தபால்துறை அதை எதிர்த்து மறுபரிசீலனை கேட்டது. இது வெறும் யோசனைதான் என்று காப்புரிமை வாரியம் தள்ளியது, மேல்முறையீட்டிலும் அதே முடிவு. ஆனால் 2019-இல் உச்ச நீதிமன்றம், அரசு அமைப்பு அந்த மறுபரிசீலனையைக் கேட்கத் தகுதியுள்ள ‘நபர்’ அல்ல என்று தீர்ப்பளித்தது. காப்புரிமை நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கே நீதிமன்றம் போகவில்லை. ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லியே வழக்கு திரும்பியது. நீ எழுதும் உரிமைக்கோரலில் ஒவ்வொரு சொல்லையும் இத்தனை கவனமாகத்தான் படிப்பார்கள்.

இந்தக் காப்புரிமைகளை நாமே தேடிப் பார்க்க முடியுமா?
– ஓய்வு பெற்ற வாசகர்

தாராளமாக. எஸ்பாசெனெட் என்ற ஐரோப்பியத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். நாற்காலிக்கு வகைக்குறி ஏ47சி, வாகன இருக்கைக்கு பி60என், தபால் பிரிப்புக்கு பி07சி. குறியை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். படத்தைப் பார்த்துவிட்டு நேராக முதல் உரிமைக்கோரலுக்குப் போங்கள். ஒரே வாக்கியமாக, மூச்சு முட்டும் நீளத்துக்கு இருக்கும். ஒவ்வொரு காற்புள்ளியிலும் நிறுத்தி, அந்தப் பாகம் படத்தில் எந்த எண் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகும். உங்கள் வீட்டு நாற்காலியின் அடியில் எண் அச்சிட்டிருந்தால் அதிலிருந்தே ஆரம்பியுங்கள்.