மெலியனின் ஒட்டியாணம் – வாசகர் கேள்வி பதில்

(ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் கதைகளில் வரும் ‘எல்ஃப்’ என்ற சாவில்லா இனத்தின் ராஜ்ஜியங்கள் பற்றி வந்த கேள்விகளில் சில.)

கே: டோரியத் காட்டை ராணி மெலியன் எப்படித்தான் மறைத்தாள்? மதில் கட்டினாளா?

ப: ஒரு கல்கூட வைக்கவில்லை. முதலில், மெலியன் எல்ஃபே அல்ல. உலகம் உண்டாவதற்கு முன்பே இருந்த தேவகணங்களில் ஒருத்தி, ‘மையா’ என்பார்கள். (பெயரைத் தமிழாகப் படித்து ஒல்லியான ஆசாமி என்று எண்ண வேண்டாம், ‘அன்புக்கொடை’ என்று பொருள்.) டோரியத் இருந்த பெலேரியாண்ட் நிலப்பரப்பின் முதல் போர் முடிந்ததும், அதன் நெல்டோரெத், ரெகியான் காடுகளைச் சுற்றித் தன் சக்தியை நிழலாகவும் மதிமயக்கமாகவும் படரவிட்டாள். அதுதான் ‘மெலியனின் ஒட்டியாணம்’. அவளோ கணவன் திங்கோலோ சம்மதிக்காமல் யாரும் நுழைய முடியாது, அவளை மிஞ்சிய சக்தி உள்ளவர்களைத் தவிர.

கே: பெரன் சாதாரண மனிதன். அவன் மட்டும் எப்படி நுழைந்தான்?

ப: அந்தக் கடைசி விதிவிலக்கு அங்கேதான் வேலை செய்கிறது. அவனை அனுப்பியது விதி. மனிதன் ஒருவன் வருவான், என் ஒட்டியாணம் அவனைத் தடுக்காது என்று மெலியனே கலாட்ரியல் என்ற எல்ஃப் பெண்ணிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுகிறாள். இன்னொரு முறை கர்கரோத் என்ற ஓநாய் புகுந்தது. பெரனின் கையோடு, அதில் இருந்த சில்மரில் என்ற ஒளிவீசும் மணியையும் விழுங்கி, வயிறு எரிந்து வெறிபிடித்து ஓடிவந்த மிருகம் அது.

கே: அழிவில்லாத ராணி இருந்தும் டோரியத் அழிந்தது ஏன்?

ப: எதிரி வேலியைத் தாண்டவில்லை, கூலிக்கு அழைக்கப்பட்டு உள்ளே இருந்தான். அந்த ஓநாயைக் கொன்று மீட்ட சில்மரிலை நவுக்லமீர் என்ற கழுத்தணியில் பதிக்கச் சொல்லி, நோக்ரோத் நகரத்துக் குள்ளர்களைத் திங்கோல் அமர்த்துகிறான். அவனுடைய அரண்மனையான மெனெக்ரோத் குகைகளின் ஆழத்திலுள்ள பட்டறையில், துணைக்கு ஆளில்லாமல் அவர்கள் நடுவில் நின்று வாய்த்தகராறு செய்து, அங்கேயே கொல்லப்படுகிறான். திங்கோல் மீது வைத்த காதலால்தான் மெலியன் உடலெடுத்து இந்த மண்ணோடு தன்னைப் பிணைத்துக்கொண்டாள். அவன் போனதும் பிணைப்பு அறுந்தது, காட்டிலிருந்து சக்தியும் விலகியது. எஸ்கல்டுயின் ஆற்றின் சலசலப்பே வேறு குரலாக மாறியதாம்! அவள் கடலுக்கு அப்பால் போனபின் வந்த நோக்ரோத் படைக்கு வேலியே இல்லை.

ஒரு உள்விவரம்: 1977-இல் ‘த சில்மரில்லியன்’ வந்தபோது டோரியத் அழியும் இந்த அத்தியாயத்தைப் பெரும்பாலும் கட்டி முடித்தவர் டோல்கீனின் மகன் கிறிஸ்டோபர், பின்னாளில் எழுத்தாளரான கை கேவ்ரியல் கே (Guy Gavriel Kay) உதவினார். தந்தையின் குறிப்பில், திங்கோலை எப்படியாவது எல்லைக்கு வெளியே இழுத்துக் கொல்ல வேண்டும் என்றே இருந்தது. ஒட்டியாணம் இருக்கும்வரை குள்ளர் படையை உள்ளே விட அவருக்கும் வழி தெரியவில்லை. பட்டறை ஏற்பாடு நன்றாகவே பொருந்துகிறது என்பது என் கட்சி.

கே: லோத்லோரியன் காட்டின் ராணி கலாட்ரியலும் அதே மந்திரம்தானா?

ப: ராணி அல்ல, ‘சீமாட்டி’. டோரியத்தில் மெலியனிடம் பாடம் கேட்டவள்தான், ஆனால் அவள் காட்டுக்கு ஆதாரம் நென்யா என்ற மந்திர மோதிரம். மூன்றாம் யுகம் 3019 மார்ச்சில் டோல் குல்டூர் கோட்டையின் எதிரிப் படை 11, 15, 22 தேதிகளில் மும்முறை தாக்கியும் காடு விழவில்லை. 25-ஆம் தேதி மற்ற மோதிரங்களை ஆளும் ஆதிமோதிரம் அழிந்ததும் நென்யாவும் வெறும் மோதிரமாயிற்று. 3021-இல் கப்பலேறிவிட்டாள்.

கே: அவளுடைய கண்ணாடியில் பார்ப்பது எப்படி?

ப: அது நிஜக் கண்ணாடி அல்ல, அகலமான, ஆழமில்லாத வெள்ளித் தட்டம். ஓடைத் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, அதன்மேல் ஊதி, அலை அடங்கும்வரை பொறுக்க வேண்டும். தண்ணீரைத் தொடக் கூடாது. தப்பு நடக்கும் இடம் வேறு: காட்டுவதில் சில இன்னும் நடக்காதவை, தடுக்கிறேன் என்று பாதை மாறினால்தான் சில நடக்கும். ஊரில் மரம் வெட்டுவதைப் அதில் பார்த்த சாம் (ஆதிமோதிரத்தை அழிக்கப் போன குழுவில் ஒருவன்) வீட்டுக்கு ஓடப் பார்த்தது அதனால்தான்.

கே: எல்ஃப்களின் பயண ரொட்டியான லெம்பாஸுக்குச் செய்முறை உண்டா?

ப: டோல்கீன் கதையில் அளவு சொல்லவில்லை. ஒன்று தின்றால் ஒருநாள் முழுக்க நடக்கலாம். உடைக்காமல் இலைச்சுற்றோடு வைத்தால் பல நாள் கெடாது. நம் கட்டுச்சோறு தோற்றது. வைத்திருப்பதும் கொடுப்பதும் ராணியின் உரிமை மட்டுமே. டூரின் என்ற மனிதனுக்கு உதவ, எல்ஃப் வீரன் பெலெக்கிடம் மெலியன் கொடுத்த கட்டு வெள்ளி இலையில் சுற்றி, நூல் முடிச்சுகளில் ஒற்றைப் பூ வடிவ வெள்ளை மெழுகு முத்திரை வைத்தது. அதற்கு முன் எந்த மனிதனுக்கும் அது கிடைத்ததில்லை.