நான்கு வயதுக் குழந்தைக்கு அந்தந்தப் பருவத்துக்கு ஏற்ற எளிய விளையாட்டுகள் என்னென்ன?

கேள்வி கேட்டவர் கோவையில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். பள்ளியிலிருந்து வந்த ‘பருவங்கள்’ தாளில் பனிமனிதனும் மொட்டை மரமும் இருக்கின்றனவாம். பாப்பாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை, வீட்டிலேயே என்ன செய்யலாம் என்கிறார்.

நான் தாராபுரம் பக்கம் எல்.கே.ஜி. டீச்சர். முதலில் அந்தத் தாளை எடுத்து ஓரமாக வையுங்கள். இந்த வயதுப் பிள்ளைக்கு மேலே படுவதும் கைக்குக் கிடைப்பதும்தான் பாடம். நம் ஊர்ப் பிள்ளைக்கு மேலே படுவது ஆடிக் காற்று, ஐப்பசி மழை, மார்கழிக் குளிர், சித்திரை வெயில். அந்த வரிசையிலேயே போங்கள். காசு போட்டு எதுவும் வாங்க வேண்டியதில்லை.

கொங்கு நாட்டுக்கென்றே அமைந்த பருவம் காற்றுக்காலம். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தச் சந்து வழியாக நெருக்கிக்கொண்டு வருவதால்தான் ஆனி, ஆடியில் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் இந்த வீச்சு வீசுகிறது. இதைப் பிள்ளைக்குக் காட்ட ஓலைக் காத்தாடியை மிஞ்சிய பொருள் கிடையாது. பனையோலையோ தென்னையோலையோ இரண்டு விரல் அகலத்தில் இரண்டு துண்டு நறுக்கிக்கொள்ளுங்கள். இரண்டையும் நடுவில் மடித்து, ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்து இழுத்தால் நாலு இறக்கை நிற்கும். நடுவில் வேலாமுள்ளைக் குத்தி, முள்ளின் கூர்முனையைச் சோளத்தட்டில் இறுக்கமாக ஏற்றிவிடுங்கள். ஓலைத் துளை மட்டும் கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுற்றாது. முள் வேலை பெரியவர்களுடையது. ஓலையை மடிக்கிற வேலையைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள், கோணல்மாணலாக வந்தாலும் சரி.

செய்து கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். பிள்ளை முதலில் வாயால் ஊதும். அப்புறம் ஓடும். ஒரு பக்கம் ஓடினால் விர்ரென்று சுற்றுகிறது, திரும்பி ஓடினால் சோர்ந்துவிடுகிறது என்பதைத் தானாகவே கண்டுபிடிக்கும். அப்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “காத்து எந்தப் பக்கமிருந்துங் கண்ணு வருது?” பதிலைக் கையால் காட்டினால் போதும், மேற்கு கிழக்கு என்ற பெயரெல்லாம் பின்னால் வரட்டும். ஊருக்குப் போகிற வழியில் காற்றாலைகள் தெரிந்தால் வண்டியை நிறுத்தி, அவை எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்று காட்டுங்கள். காற்று மாறினால் அவையும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மழைக்காலத்தில் அதே வழியில் போகும்போது இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். காற்று தணிந்திருக்கும் சாயங்காலத்தில் தூரி (ஊஞ்சல்) கட்டி ஆட்டுங்கள். ஆடி என்றாலே தூரிதானே!

ஆடிப்பெருக்குக்கு முளைப்பாரி போடுகிற வழக்கத்தையே பாடமாக்கிக்கொள்ளலாம். இரண்டு தேங்காய்த் தொட்டியில் மண் போட்டு, பச்சைப்பயறை ராத்திரி ஊறவைத்து விதையுங்கள். ஒன்றை ஜன்னலோரம் வையுங்கள், மற்றதைக் கூடையால் மூடுங்கள். மூன்று நாளில் இரண்டிலும் முளை தெரிந்துவிடும். ஒரு வாரம் போனால் வெளிச்சத்தில் இருப்பது குட்டையாகப் பச்சையாகவும், இருட்டில் இருப்பது நெடுநெடுவென்று வெளுத்த மஞ்சளாகவும் நிற்கும். வெளிச்சம் தேடி நீளுவதால்தான் அப்படி. முளைப்பாரியை இருட்டறையில் வளர்க்கிற காரணமும் அதுதான். அமிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுக்குப் போனால் அவரையே சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் சொல்வதைவிட நன்றாக ஏறும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அதிகம் திட்டமிட வேண்டாம். பால்கனியில் ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்து, நின்ற தண்ணீர் எத்தனை விரல் என்று தினமும் பிள்ளையே அளந்து சுவரில் கோடு போடட்டும். மழை விட்டதும் மண் தரையில் பட்டுப்பூச்சி (பட்டுநூல் தருகிற பூச்சி அல்ல) வெளியே வரும், சிவப்பு வெல்வெட் துணியில் வெட்டியதுபோல. அது ஒன்றும் செய்யாது. உள்ளங்கையில் கொஞ்ச நேரம் ஊரவிட்டு மண்ணிலேயே விட்டுவிடுங்கள், தீப்பெட்டியில் அடைக்க விடாதீர்கள். ரயில்பூச்சியை (மரவட்டை) கண்ணால் பார்ப்பதோடு சரி. தொட்டால் அது விடுகிற நீர் தோலில் எரியும்.

மார்கழியில் வாசல் கோலம். ஃபிளாட்டிலும் கதவுக்கு முன்னால் ரெண்டடி இடம் இருக்குமே! புள்ளி வைக்கிற பொறுப்பைப் பாப்பாவிடம் கொடுங்கள். கோலமாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து விடுவதும் பென்சில் பிடிப்பதும் ஏறக்குறைய ஒரே வேலைதான். எழுத்துப் பயிற்சி நோட்டு வாங்குவதற்கு முன்னால் ஒரு மாசம் புள்ளி வைக்க விடுங்கள் என்று எங்கள் பிள்ளைகளின் அம்மாக்களிடம் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். தை பிறக்கிறதற்கு முந்தின நாள் காப்புக்கட்டுக்கு வாங்குகிற பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றிலும் கொஞ்சம் எடுத்து வைத்து, கண்ணைக் கட்டித் தொட்டும் மோந்தும் எது எது என்று சொல்லச் சொல்லுங்கள். பொங்கலையொட்டி வருகிற பூப்பறிக்கிற நோன்புக்கு ஊருக்குப் போக முடிந்தால் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள்.

சித்திரையில் ஒரு அதிசயம் இருக்கிறது, நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஏப்ரல் 18லிருந்து 20க்குள் தாராபுரம், கோவை, ஈரோடு ஊர்களில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். மத்தியானம் 12.20 வாக்கில் நட்டமாக நிற்கிற பொருளுக்கு நிழலே இருக்காது. காலையில் மொட்டை மாடியில் ஒரு பாட்டிலை நிறுத்தி நிழலைச் சாக்பீஸால் வரையச் சொல்லுங்கள். பத்து மணிக்கு இன்னொரு கோடு. 12.20க்குச் செருப்பும் தொப்பியும் போட்டுக் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு உடனே இறங்கிவிடுங்கள். “மிஸ், நெழலு பாட்டிலுக்குள்ள போயிருச்சு” என்றான் எங்கள் வகுப்புப் பையன். திருத்தவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவன் அன்றைக்குக் கண்ணால் கண்டது அதுதான். ஆகஸ்ட் 23, 24, 25 தேதிகளிலும் இதேபோல் வரும், மேகம் மறைக்காமல் இருக்க வேண்டும்.

வெயில் காலத்தில் நுங்கு தின்ற கூந்தலில், அதாவது காலி மட்டையில், இரண்டைக் குச்சியால் கோத்து வண்டி ஓட்டலாம். புளி உடைக்கிற வீட்டில் புளியங்கொட்டையைப் பொறுக்கி, பெரிது சிறிது என்று பிரிக்கலாம்.

கொட்டை என்றதும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். புளியங்கொட்டை, கடலை, சின்னக் கல் எதுவானாலும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான். வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே இன்னொரு குழந்தை இருந்தால் வேண்டவே வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். குண்டுமணி, கொட்டமுத்து (ஆமணக்கு விதை), அரளி விதை, ஊமத்தங்காய் இவற்றை எந்த வயதிலும் விளையாடக் கொடுக்காதீர்கள். அழகாக இருக்கிறதென்று குண்டுமணியைப் பொறுக்கி வரும் பிள்ளைகள் உண்டு, கடித்துவிட்டால் கொடிய விஷம். வாயில் போட்டதாகச் சந்தேகம் வந்தாலே வீட்டு வைத்தியம் பார்க்காமல், வாந்தி எடுக்க வைக்காமல், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த விதை இன்னொன்று கிடைத்தால் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள். மூக்கிலோ காதிலோ எதையாவது போட்டுக்கொண்டால் ஊக்கு வைத்து நோண்டாதீர்கள், இன்னும் உள்ளேதான் போகும். காது மூக்கு தொண்டை டாக்டர் அதை எடுத்துவிடுவார்.