வாசகர் கேள்வி பதில்: டீசல் எஞ்சின், மின்சார ஸ்கூட்டர், கேஸ் அடுப்பு

களக்காடு பக்கமிருந்து ஒரு வாழை விவசாயி: அண்ணாச்சி, கரண்டு கனெக்‌ஷனுக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்கோம். அதுவரைக்கும் 5 எச்.பி. டீசல் எஞ்சின்தான். மணிக்கு ஒன்றே முக்கால் லிட்டர் குடிக்குது. கரும்புகை வேற. டீசல்ல கலப்படம் இருக்குமோ?

கலப்படத்தைக் கடைசியில் பார்ப்போம், அண்ணாச்சி. நல்ல நிலையில் உள்ள 5 எச்.பி. எஞ்சின் முழு பாரத்தில் ஓடினாலும் மணிக்கு ஒரு லிட்டர், மிஞ்சினால் 1.1 லிட்டர்தான் கேட்கும். உங்கள் எஞ்சின் அரை லிட்டருக்கு மேல் கூடுதலாகக் குடிக்கிறது.

முதலில் ஏர் கிளீனரைக் கழற்றுங்கள். அடிக்கிண்ணத்து ஆயில் சேறாக இருந்தால் எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். வலையை டீசலில் அலசி, கிண்ணத்தில் கோடு வரை புது ஆயில் ஊற்றுங்கள். புகை குறையவில்லையா, அடுத்தது சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில். அதைக் கழற்றி, நாசிலைச் சோதிக்கும் டெஸ்டர் உள்ள கடைக்குக் கொண்டுபோங்கள். டீசல் பனிப்புகை மாதிரி சிதற வேண்டும். நூலாகப் பீய்ச்சினாலோ நுனியில் சொட்டு நின்றாலோ, அந்தச் சொட்டுதான் முழுசாக எரியாமல் கரியாக வெளியே வருகிறது.

மூன்றாவதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. எஞ்சின் குளிர்ந்தே ஓடுவது. கிணற்றுத் தண்ணீர் முழுவதையும் எஞ்சின் வழியாகவே விட்டால் சிலிண்டர் சூடேறாது, டீசலும் சரியாக எரியாது. குளிர்விக்கும் தண்ணீர் வெளியே வரும் இடத்தில் கையை வையுங்கள். கை பொறுக்காத சூடு, சுமார் 60 டிகிரி, இருக்க வேண்டும். ஜில்லென்று இருந்தால் வால்வைத் திருகி அளவைக் குறையுங்கள்.

இனி குழாய். செலவு அதிகம் ஒளிந்திருக்கும் இடம் அதுதான். இரண்டரை அங்குலக் குழாயை மூன்று அங்குலமாக மாற்றினால், அதே அளவு தண்ணீருக்கு உராய்வு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கிணற்றுக்குள் குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட்வால்வின் சல்லடையில் பாசியும் சருகும் அடைத்திருந்தாலும், முழங்கை போல் ஒடித்து வைத்த பெண்டுகள் இருந்தாலும், எஞ்சின் வீணாக இழுக்கும். தண்ணீர் விழும் முனையைத் தொட்டிக்கு மேலே ஓர் ஆள் உயரம் தூக்கி வைக்கும் பழக்கம் நம் பக்கம் நிறைய. பார்க்க அருவி மாதிரி இருக்கும், ஆனால் அந்த உயரத்துக்கும் நீங்கள்தான் டீசல் ஊற்றுகிறீர்கள். தண்ணீர் ஏறும் மொத்த உயரம் 12 மீட்டர் என்றால், முனையை ஒரு மீட்டர் இறக்கினாலே பன்னிரண்டில் ஒரு பங்கு மிச்சம்.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வருகிறது. முக்கால் கிலோ சொச்சம் எடையுள்ள டீசலிலிருந்து இவ்வளவா என்று மலைக்க வேண்டாம். அதிலுள்ள கரி (கார்பன்), காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துச் சேர்த்துக்கொள்வதால் ஏறும் எடை அது. நாளுக்கு 6 மணி நேரம், 100 நாள் ஓட்டினால், கூடுதலாகக் குடிக்கும் அந்த 0.65 லிட்டர் மட்டும் 390 லிட்டர் ஆகிறது. காசு போக, ஒரு டன்னுக்கு மேல் கரியமில வாயு. எஞ்சினுக்குப் பக்கத்து வாழை இலையில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். விரலில் ஒட்டுகிற கருமை உங்கள் மூச்சிலும் போகிறது.

இவ்வளவும் சரியாக இருந்தும் புகை நிற்காவிட்டால் வேறு பெட்ரோல் பங்கில் டீசல் வாங்கிப் பாருங்கள். மாற்றிய பழைய ஆயிலை வாய்க்காலில் கொட்டவே கூடாது. கேனில் வடித்து, பழைய ஆயில் எடுக்கும் பதிவு பெற்றவர்களிடம் கொடுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: மின்சார ஸ்கூட்டர் வாங்கலாம் என்றேன். தூத்துக்குடியில் நிலக்கரியை எரித்துத்தானே கரண்டு வருகிறது, புகை இடம் மாறுமே தவிரக் குறையாது என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி?

அப்பா கேட்பது நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு 50 கி.மீ. ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு 100 கி.மீ.க்கு 2 லிட்டர் வேண்டும். அதிலிருந்து வரும் கரியமில வாயு சுமார் 4.6 கிலோ. மின்சார ஸ்கூட்டருக்கு சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து 4 யூனிட் வைத்துக்கொள்வோம். நிலக்கரி மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சுமார் ஒரு கிலோ கரியமில வாயு. ஆக முழுக்க நிலக்கரியே என்றாலும் 4 கிலோ, பெட்ரோலைவிடச் சற்றுக் குறைவுதான்.

ஆனால் நம் வீட்டுக்கு வரும் கரண்டு முழுக்க நிலக்கரி இல்லை. கூடங்குளம் அணுமின்சாரம் கலந்திருக்கிறது, வெயில் மின்சாரம் கலந்திருக்கிறது. ஆனி, ஆடியில் குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவரும் செங்கோட்டைக் கணவாய்க் காற்று, கிழக்கே வந்து காற்றாலைகளையும் சுற்றுகிறது. அதனால் உண்மையான அளவு 3 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். முடிந்தால் நடுப்பகலில் சார்ஜ் போடுங்கள், வெயில் மின்சாரம் அதிகம் கிடைக்கும் நேரம் அது.

அப்பா சொல்வதில் ஒரு பாதி சரி என்பதையும் மறைக்கக் கூடாது. தூத்துக்குடி அனல்மின் நிலையம் 1979 முதல் கப்பலில் வரும் நிலக்கரியை எரிக்கிறது. நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். உங்கள் 4 யூனிட்டும் நிலக்கரியிலிருந்தே வந்தால், முக்கால் கிலோவுக்குக் குறையாமல் சாம்பல் அங்கே மிஞ்சும். பாளையங்கோட்டைத் தெருவில் குறையும் புகையின் பாரத்தை நிலையத்தை ஒட்டி வாழும் மக்கள் சுமக்கிறார்கள். ஸ்கூட்டர் வாங்குங்கள். வீட்டில் வீணாக எரியும் லைட்டையும் மோட்டாரையும் அணையுங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் இல்லத்தரசி: புது சிலிண்டர் மாட்டியதிலிருந்து அடுப்பு மஞ்சளாக எரிகிறது, சட்டி அடியில் கரி பிடிக்கிறது. கேஸ் சரியில்லையா?

கேஸைவிட பர்னரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும், அம்மா. பொங்கி வழிந்த கஞ்சி காய்ந்து துளைகளை அடைத்திருக்கும், அல்லது காற்று நுழையும் குழாயில் சிலந்தி கூடு கட்டியிருக்கும். பர்னரை வெந்நீரில் சலவைச் சோடா போட்டு அரை மணி ஊறவிட்டு, துளைகளை ஊசியால் குத்தி, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்தி மாட்டுங்கள். உப்புத் தண்ணீர் தெறித்தாலும் தீ ஆரஞ்சு நிறமாகும். அது சற்று நேரத்தில் அடங்கிவிடும், கரியும் பிடிக்காது. சுத்தம் செய்த பிறகும் மஞ்சளாகவே எரிந்தால் ஏஜென்சி மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள். அவர் வரும்வரை ஜன்னலைத் திறந்தே சமையுங்கள். அரைகுறையாக எரியும் கேஸிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

மேலப்பாளையத்திலிருந்து வீடு கட்டும் ஒருவர்: அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த கல் நிற்குமா?

தாராளமாக நிற்கும், சரியாக நீராற்றியிருந்தால், அதாவது தண்ணீர் விட்டு இறுகவிட்டிருந்தால். இரண்டு கல்லை மோதினால் கணீரென்று கேட்க வேண்டும். ஒரு கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி போடுங்கள். 3 கிலோ கல் 600 கிராமுக்கு மேல் குடித்திருந்தால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள்.