கேள்வி நேரம்: கற்பனைக் கண்டத்துக்கு ஒரு தமிழ்த் தளம்

கேள்வி: நானும் நண்பர்களும் ‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ வரிசைக் கணினி விளையாட்டுகளைப் பள்ளி நாளிலிருந்து ஆடி வருகிறோம். அவை நடக்கும் டாம்ரியெல் என்னும் கற்பனைக் கண்டத்தின் ஊர்கள், இனங்கள், தெய்வங்கள், போர்கள் ஆகியவற்றை விளக்கும் தமிழ் இணையதளம் ஒன்றைக் கூட்டாக உருவாக்க எண்ணியிருக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ஆங்கிலத்தில் உங்களுக்கு ஒரு முன்னோடி உண்டு. பெயரிலேயே ‘அன்அஃபீஷியல்’ என்று சொல்லிக்கொள்ளும் ‘அன்அஃபீஷியல் எல்டர் ஸ்க்ரோல்ஸ் பேஜஸ்’ 1995இல் ஒரே ரசிகரின் முயற்சியாகத் தொடங்கி, பத்தாண்டுகளுக்குப் பின் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய விக்கித் தளமாக மாறி இன்றும் நடக்கிறது. அதன் முகப்பு அழகைப் பார்ப்பதைவிட, ஒரு பக்கத்தின் அடிக்குறிப்புகளை நிதானமாகப் படியுங்கள்; எந்தச் செய்தி எந்த விளையாட்டில், எந்தப் பாத்திரத்தின் வாய்மொழியில் வந்தது என்று குறித்திருப்பார்கள். நீங்கள் முதலில் கற்க வேண்டியது அதுதான்.

தொடக்கத்திலேயே டாம்ரியெல்லின் முழு வரலாற்றை எழுத உட்காராதீர்கள். ‘ஸ்கைரிம்’ (2011) விளையாட்டில் வரும் ரிவர்வுட் என்ற சிற்றூரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டத் தொடக்கத்தில் ஹெல்கன் என்ற ஊரிலிருந்து தப்பும்போது, ஹாட்வார், ராலோஃப் என்ற இருவரில் ஒருவரோடு போகலாம். ஹாட்வாருடன் போனவருக்கு அவன் சித்தப்பனோ மாமனோ ஆகிய கொல்லர் ஆல்வோர் வீட்டில் அடைக்கலம் கிடைக்கும்; ராலோஃபுடன் போனவருக்கு அவன் உடன்பிறந்தாளும் மரம் அறுக்கும் ஆலையை நடத்துபவளுமான கெர்டுர் கைகொடுப்பாள். ஒரே வழியில் ஆடி முடித்த ஒருவர் தனியாக எழுதினால், ஊரின் பாதி அவர் கண்ணில் பட்ட விதத்தில்தான் பதிவாகும். கூட்டாக எழுதுவதன் பயன் வேலையைப் பங்கிடுவதில் இல்லை; வேறு வழியில் ஆடியவர் வந்து, “என் ஆட்டத்தில் இப்படி நடக்கவில்லையே” என்று கேட்பதில்தான் இருக்கிறது.

அடுத்த சிக்கல் சற்றுப் பெரியது. இந்த உலகத்தைப் பற்றிய செய்திகளில் பெரும்பகுதி, விளையாட்டுக்குள் அலமாரிகளில் கிடக்கும் நூல்களிலிருந்து கிடைப்பது. அந்த நூல்களை எழுதியவர்களாகக் காட்டப்படுவோரும் அவ்வுலகத்து மனிதர்களே ஆகையால், அவரவர் தம் கட்சியையே பேசுவார்கள். விளையாட்டை ஆக்கியவர்களும் காலப்போக்கில் மாறியிருக்கிறார்கள். 1998இல் ‘ரெட்கார்டு’ விளையாட்டோடு வந்த கையேடு, பேரரசின் நடு நாடான சைரோடீலை வெப்பமண்டலக் காடாக வருணித்தது. 2006இல் வந்த ‘ஆப்ளிவியன்’ அதே நாட்டை மிதமான தட்பவெப்பமுள்ள புல்வெளியும் சோலையுமாகக் காட்டியது. 1996இல் வந்த ‘டாகர்ஃபால்’ ஆடுபவரின் தேர்வைப் பொறுத்துப் பல விதமாக முடியக்கூடியது. பின்னால் வந்த விளையாட்டுகளோ, காலமே உடைந்து அம்முடிவுகள் யாவும் ஒருசேர நிகழ்ந்தன என்று ஒரு விளக்கம் கொடுத்துச் சமாளித்தன. (துணிச்சலான சமாளிப்பு என்றே நான் சொல்வேன்.)

இங்கே எது சரி என்று நீங்கள் தீர்ப்பு எழுதப் புறப்பட்டால் தளம் முதல் மாதத்திலேயே இரண்டாகப் பிளக்கும். பத்துப்பாட்டுக்காக நம் நெல்லைச் சீமையிலும் ஆழ்வார்திருநகரிக் கவிராயர்கள் வீட்டிலும் ஏடு தேடி அலைந்த உ.வே. சாமிநாதையர், ஏட்டுக்கு ஏடு வேறுபட்ட பாடங்களை மறைத்துவிடாமல் குறித்து வைத்தார் அல்லவா? அந்த ஒழுக்கம் உங்களுக்கும் பொருந்தும். கையேடு இப்படிச் சொல்கிறது, ஆப்ளிவியன் இப்படிக் காட்டுகிறது என்று ஆண்டோடு இரண்டையும் எழுதிவிடுங்கள்.

பெயர்களின் எழுத்துக்கூட்டலுக்கு ஒரு பொதுப் பட்டியல் வைத்துக்கொண்டு, மற்ற வடிவங்களில் தேடுபவரையும் அதே பக்கத்துக்கு வழிமாற்றிவிட்டால் போதும். அதற்காகச் சண்டை வேண்டாம்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவர் தாமே கற்பனை செய்த அரச வம்சங்களையும் கோட்டைகளையும் பக்கங்களில் சேர்த்து வருகிறார். நன்றாகவும் எழுதுகிறார். நீக்கினால் வருத்தப்படுவார். என்ன செய்யலாம்?
– வாசகர், தென்காசி

பதில்: நன்றாக எழுதுவதுதான் ஆபத்து, மோசமாக எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். இதே வரிசையில் வந்த ‘மாரோவிண்ட்’ விளையாட்டில், அப்பெயருள்ள நாட்டின் வார்டன்ஃபெல் தீவு மட்டுமே இருக்க, எஞ்சிய பெருநிலப்பகுதியை ‘டாம்ரியெல் ரீபில்ட்’ என்ற பெயரில் ரசிகர்களே இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டி வருகிறார்கள். போற்றத்தக்க உழைப்பு, ஆனாலும் அது ரசிகர் படைப்பு என்ற அடையாளத்தோடுதான் நிற்கிறது. உங்கள் நண்பருக்கும் தளத்தில் தனிப் பகுதி ஒன்றைப் பெயர்ப்பலகையோடு ஒதுக்கிக் கொடுங்கள். மூலச் செய்திப் பக்கங்களிலிருந்து அவருடைய கோட்டைகளை நீக்குவதில் மட்டும் தயவு காட்டாதீர்கள்.

கேள்வி: ‘இது அதிகாரபூர்வமற்ற தளம்’ என்று அடியில் போட்டுவிட்டால் சட்டச் சிக்கல் வராது என்கிறார்களே? விளையாட்டுக்குள் வரும் நூல்களைத் தமிழில் மொழிபெயர்த்து வெளியிடலாமா?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: அந்த வரி பார்ப்பவரின் குழப்பத்தைத் தவிர்க்கும், அனுமதிச் சீட்டு ஆகிவிடாது. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படைப்பை மொழிபெயர்க்கும் உரிமையும் உரிமையாளருக்கே உரியது. எனவே அந்த நூல்களை முழுவதுமாகத் தமிழாக்கி வெளியிடுவது, காசு வாங்காமல் செய்தாலும், எழுத்து மூலம் அனுமதி பெறாமல் செய்யத்தக்கதன்று. ஒரு நூல் என்ன சொல்கிறது என்பதை உங்கள் சொந்த நடையில் சுருக்கி எழுதுவதும், விமர்சனத்துக்குத் தேவையான அளவு சில வரிகளை மேற்கோள் காட்டுவதும் வேறு. அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு நியாயமான பயன்பாட்டுக்கு இடம் தருகிறது. விளையாட்டு நிறுவனத்தின் சின்னத்தைத் தளத்தின் முகப்பில் வைக்காதீர்கள். முதலில் சொன்ன ‘அன்அஃபீஷியல் எல்டர் ஸ்க்ரோல்ஸ் பேஜஸ்’ விக்கியிலிருந்து பத்தி எடுத்தாள்வதானால், அதன் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்படி மூலத்தைக் குறிப்பிட்டு, உங்கள் பக்கத்தையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும்.

கேள்வி: என் மகன் இரவெல்லாம் கண் விழித்து, இல்லாத நாட்டுக்கு வரலாறு எழுதுகிறான். இதனால் என்ன பயன்?
– வாசகி, கடையம்

பதில்: அம்மா, கண் விழிப்பதைக் கண்டியுங்கள், எழுதுவதைத் தடுக்காதீர்கள். ஆதாரம் காட்டித் தமிழில் நான்கு பத்தி எழுதத் தெரிந்த பிள்ளைகள் இன்று குறைவு. 2003 முதல் இயங்கும் தமிழ் விக்கிப்பீடியாவில் கடையத்தைப் பற்றியும் ராமநதி அணையைப் பற்றியும் உள்ள கட்டுரைகளைத் திறந்து, அவனுக்குத் தெரிந்ததை ஆதாரத்தோடு சேர்க்கச் சொல்லுங்கள். கைப்பழக்கம் ஒன்றேதான்.

கேள்வி: இலவச விக்கிச் சேவையில் தளத்தை வைப்பதா, சொந்தமாக இடம் வாங்குவதா?
– வாசகர், வள்ளியூர்

பதில்: சொந்தப் பெயரில் வைப்பதே நல்லது. இலவசச் சேவையில் விளம்பரங்கள் உங்கள் கட்டுப்பாட்டில் இரா. பின்னாளில் நீங்கள் வெளியேறினாலும் பழைய பிரதி அங்கேயே நின்று தேடுபொறியில் உங்களோடு போட்டியிடும். ‘மைன்கிராஃப்ட்’ விக்கியின் ஆசிரியர்கள் 2023இல் ஃபேண்டம் என்ற இலவச விக்கிச் சேவையை விட்டு விலகியபோது அப்படித்தான் இரண்டு விக்கிகள் ஆயின. விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கி மென்பொருள் இலவசம். இடத்துக்கும் தளப் பெயருக்கும் ஆண்டுக் கட்டணத்தைக் குழுவாகப் பகிர்ந்துகொள்ளலாம். கடவுச்சொல் ஒருவர் கையில் மட்டும் இருக்கக் கூடாது. படிப்பு முடிந்ததும் ஒருவர் சென்னைக்கும் ஒருவர் பெங்களூருக்கும் போய்விடுவீர்கள்; புதுப்பிக்கும் தேதியை மறந்தால் தளப் பெயர் அடுத்தவர் கைக்குப் போகும். ஆகவே இரண்டு பேரிடமாவது நிர்வாக உரிமை இருக்கட்டும். மாதம் ஒரு முறை முழுத் தரவையும் இறக்கி வேறோர் இடத்தில் சேமித்து வையுங்கள்.